லண்டனிலிருந்து வந்த மூன்று காகிதங்கள்

பண்டாரவளையில் தேயிலையைப் பொதியிட்டு ஏற்றுமதி செய்யும் ஐயா ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழை நாள் இரவில், வாட்ஸ்அப்பில் எனக்கு மூன்று பி.டி.எஃப். கோப்புகளை அனுப்பினார். லண்டனில் உள்ள ஒரு கம்பனி அவரிடம் இரண்டு கொள்கலன் பி.ஓ.பி.எஃப். என்ற தரத் தேயிலை கேட்டிருந்தது. முன்பணம் கிடையாது, ஏற்றுமதி ஆவணங்களை வாங்குபவர் ஏற்றுக் கையெழுத்திட்ட நாளிலிருந்து அறுபது நாட்களில் பணம் வரும், அதாவது வங்கிகளில் டி.ஏ. என்று சொல்லப்படும் முறை. முதற்கோப்பு கம்பனியின் பதிவுச் சான்றிதழ், இரண்டாவது பணிப்பாளரின் கடவுச்சீட்டுப் பிரதி, மூன்றாவது ஒரு வங்கிக் கடிதம். அவற்றுக்குக் கீழே ஐயாவின் குரல்பதிவு: “மகள், ஆள் நல்லாத்தான் பேசுறார். பேப்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்களும் ஒருக்காப் பாத்துச் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே சரின்னு எழுதிருவேன்.”

அந்த “ஒருக்காப் பார்ப்பது”தான் என் பிழைப்பு. கொழும்பில் ஒரு வங்கியின் வர்த்தக நிதிப் பிரிவில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு, அம்மாவின் உடல்நிலை காரணமாக ஹட்டனுக்குத் திரும்பிய நாள் முதல், வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்களுக்காகக் கம்பனிகளின் பின்னணியை விசாரித்து அறிக்கை எழுதி வருகிறேன். இடையிடையே மலையகத்துச் சிறு ஏற்றுமதியாளர்களுக்கும் இதே வேலையைச் செய்து கொடுக்கிறேன். ஆங்கிலத்தில் டியூ டிலிஜென்ஸ் என்று சொல்லும் இந்த வேலைக்குத் தமிழில் ஒழுங்கான பெயர் ஒன்று இன்னும் அமையவில்லை. “உரிய விடாமுயற்சி” என்று யாரோ சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்திருப்பதைக் காணும்போதெல்லாம், சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்றாவது தடவையாகத் தோற்றும் பிள்ளையின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கண்ணால் காண்பதையும் காதால் கேட்பதையும் நம்பாதே என்று தொடங்கும் பழமொழியில் வருகிற “தீர விசாரித்தல்” போதும் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பிரித்தானியாவின் கம்பனிப் பதிவகத்தைத் திறந்தேன். உலகில் இவ்வளவு தாராளமான பதிவேடுகள் அதிகமில்லை. பணம் கட்டத் தேவையில்லை. பெயரைத் தட்டினால் பணிப்பாளர்கள், பங்குகளில் 25 வீதத்துக்கு மேல் வைத்திருப்போர், ஆண்டுக் கணக்குகள், முகவரி மாற்றங்கள், சொத்துகளின் மீதுள்ள அடமானங்கள் எல்லாம் தேதி வரிசையில் வந்து நிற்கும். ஐயாவிடம் வந்த சான்றிதழ் பொய்யல்ல என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்தது. கம்பனி 2016இல் பதிவாகியிருந்தது. ஆனால் அந்த ஆண்டிலிருந்து அது தாக்கல் செய்தவை எல்லாம், வியாபாரம் எதுவும் நடக்காத கம்பனி கொடுக்கும் ஒரு பக்க உறங்குநிலைக் கணக்குகள். இத்தனை ஆண்டுகள் உறங்கிய அந்தக் கம்பனியின் பெயர், ஐயாவுக்கு முதல் மின்னஞ்சல் வருவதற்கு ஒன்பது வாரங்களுக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. அதே வாரத்தில் பழைய பணிப்பாளர் விலகிப் புதியவர் வந்திருந்தார். பதிவு முகவரி மாறியிருந்தது. தொழில்வகைக் குறியீடும் 46370, அதாவது தேயிலை, கோப்பி, கொக்கோ, வாசனைத் திரவியங்களின் மொத்த வியாபாரம் என்று மாறியிருந்தது. கம்பனியின் இணையத்தளமோ மூன்று தலைமுறைத் தேயிலை வியாபாரக் குடும்பம் என்று பேசியது. அந்தத் தள முகவரி வாங்கப்பட்ட தேதியைப் பார்த்தேன்; அதற்கு மூன்று மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. புதிய பணிப்பாளரின் பெயரைத் தட்டியபோது, அவர் முன்பு பதவி வகித்த ஐந்து கம்பனிகள் வந்தன. அவற்றில் நான்கு கலைக்கப்பட்டவை. பதிவு முகவரியைத் தேடியபோது, அதே ஒரு கதவிலக்கத்தில் நூற்றுக்கணக்கான கம்பனிகள் குடியிருந்தன.

இவற்றில் ஒன்றுகூடக் குற்றமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தயாராகப் பதிந்து வைத்த கம்பனியை விலைக்கு வாங்குவது பிரித்தானியாவில் சட்டப்படியான வியாபாரம். தபாலைப் பெற்று அனுப்பிவைக்கும் முகவரியை வாடகைக்கு எடுப்பதும் அப்படியே. புதிதாகப் பதியப்பட்ட தனியார் கம்பனி தன் முதற்கணக்கைத் தாக்கல் செய்ய அங்கே 21 மாதங்கள் அவகாசம் உண்டு. அதுவரை அதன் கையில் பத்துப் பவுண் இருக்கிறதா பத்து இலட்சம் பவுண் இருக்கிறதா என்று வெளியில் இருப்பவர் அறிய வழியில்லை. ஆகவே நேற்றுத் தொடங்கியவர் என்று தெரிந்துவிடக்கூடாது என்று நினைப்பவர் பழைய கம்பனி ஒன்றை வாங்குகிறார். அந்த நினைப்பு வெறும் கூச்சமாகவும் இருக்கலாம், வேறு நோக்கமாகவும் இருக்கலாம்.

பதிவேடு என்றதும் நம்மவர்கள் அரசாங்க முத்திரையை நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் இருப்பதில் பெரும்பகுதி, கம்பனி தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுத்தது. 2024 வரை இணையத்தில் 12 பவுண் கட்டினால் கம்பனி பதிந்துவிடலாம்; படிவம் முறையாக நிரப்பப்பட்டிருந்தால் பதிவாளர் அதை ஏற்றுக்கொண்டாக வேண்டும், உண்மையா என்று கேட்கும் அதிகாரம் அவருக்குப் பெரிதாக இருக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் பொருளாதாரக் குற்றச் சட்டத்துக்குப் பிறகு, 2024 மார்ச் 4ஆம் தேதி முதல்தான் சந்தேகமான தகவலைக் கேள்வி கேட்கவும் நிராகரிக்கவும் அவருக்கு அதிகாரம் வந்தது. பணிப்பாளர்கள் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் 2025 நவம்பர் 18இல் தொடங்கியது. ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களுக்கு ஓராண்டு அவகாசமும் கொடுக்கப்பட்டது. இனி வரும் ஆண்டுகளில் அந்தப் பதிவேட்டை நான் இப்போது படிப்பதைவிடச் சற்று நம்பிப் படிப்பேன்.

எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் நான் முதலில் குறித்துக்கொள்வது, இதை எழுதியது யார், இதில் பொய் இருந்தால் நட்டப்படுவது யார் என்ற இரண்டையும்தான். இந்தப் பழக்கத்தை நான் வங்கியில் கற்கவில்லை. எங்கள் தோட்டத்தில் செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டை எழுதியவர் கணக்கப்பிள்ளை. அதில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை, குறைந்தால் சம்பளம் குறைவது கொழுந்து பறித்தவளுக்கு. என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டின் சுவரில், அடுப்புக்கு மேலே, பேர் விழுந்த நாளுக்கு ஒரு முழுக்கரிக்கோடும் அரைப்பேர் போட்ட நாளுக்கு அரைக்கோடும் போட்டு வைத்திருப்பார். சம்பளத்தன்று தாத்தாவை விட்டுக் கோடுகளை எண்ணச் சொல்லிவிட்டுத்தான் சம்பளச் சீட்டைக் கையில் வாங்குவார். கணக்கப்பிள்ளை கெட்டவர் என்று அப்பாயி ஒருநாளும் சொன்னதில்லை. அவர் எழுதும் புத்தகம் அவருடைய புத்தகம், அவ்வளவுதான்.

அந்த அளவுகோலை ஐயாவின் மூன்று காகிதங்களுக்கும் வைத்துப் பார்த்தேன். சான்றிதழ் உண்மையானது, ஆனால் அது ஒரு கம்பனி உண்டு என்பதை மட்டுமே சொல்கிறது. கடவுச்சீட்டுப் பிரதி, அந்தப் பெயரில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைச் சொல்கிறது. மின்னஞ்சலுக்கு அப்பால் இருப்பவர் அவர்தான் என்று சொல்லவில்லை. வங்கிக் கடிதம், கம்பனி தம்மிடம் கணக்கு வைத்திருக்கிறது, நல்ல வாடிக்கையாளர், பணம் செலுத்தும் தகுதி உண்டு என்றது; அதன் அடியில் இருந்த தொலைபேசி இலக்கம் ஒரு கைத்தொலைபேசியுடையது. வங்கி ஒன்று இன்னொரு வங்கியிடம் ஒன்றை உறுதியாகச் சொல்ல விரும்பினால் அதற்கு சுவிஃப்ட் என்ற, வங்கிகளுக்கிடையிலான செய்திப் பாதை இருக்கிறது. வாங்குபவரின் மின்னஞ்சலில் இணைப்பாக வருகிற கடிதத்தை எழுதியது வாங்குபவர்தான் என்று வைத்துக்கொள்வதே என் வழக்கம். வங்கி வங்கியைக் கேட்டு உறுதிசெய்த பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்வேன்.

இப்படியெல்லாம் எழுதுகிற நானே ஒரு தடவை வழுக்கி விழுந்திருக்கிறேன். நாவலப்பிட்டிப் பக்கம் மிளகும் கராம்பும் வாங்கி அனுப்பும் அண்ணன் ஒருவருக்காக, டுபாயில் உள்ள ஒரு கம்பனியை விசாரித்தேன். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வேலை சற்றுக் கடினம். 40க்கும் மேற்பட்ட சுதந்திர வலயங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் உரிமம் கொடுக்கும் அதிகாரசபை வேறு, பங்குதாரர் விபரம் வெளியாளுக்கு எளிதில் கிடைக்காது. ஆகவே உரிமத்தை அதன் இலக்கத்தைக் கொண்டு உரிய அதிகாரசபையின் தளத்திலேயே சரிபார்த்தேன். உரிமம் செல்லுபடியானது, அந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது, அனுமதிக்கப்பட்ட தொழில் உணவுப் பொருள் வியாபாரம். நற்பெயருள்ள, பத்து ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் கம்பனி. தாராளமாகச் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தேன். விமானத்தில் அனுப்பிய இரண்டு சிறு பொதிகளுக்குச் சொன்ன தேதிக்குள் பணம் வந்தது. மூன்றாவதாகக் கப்பலில் போன ஒரு கொள்கலன் மிளகுக்குப் பணம் வரவில்லை. நான்கு வாரம் கழித்து, அந்தக் கம்பனியின் உண்மையான அலுவலகத்து இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழைத்தபோது, இலங்கையிலிருந்து தாங்கள் மிளகே வாங்கியதில்லை என்றார்கள். நாங்கள் மாதக்கணக்கில் கடிதம் பரிமாறிய மின்னஞ்சல் முகவரியில், கம்பனிப் பெயரின் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு சிறு கோடு இருந்தது. உண்மையான கம்பனியின் முகவரியில் அந்தக் கோடு இல்லை.

நான் கம்பனியைத் தீர விசாரித்தேன். எங்களோடு பேசியவனை விசாரிக்கவில்லை. அன்றிலிருந்து, வந்த மின்னஞ்சலில் உள்ள எந்த இலக்கத்தையும் நான் அழைப்பதில்லை. கம்பனியின் இலக்கத்தை வேறொரு வழியில், பழைய கப்பல் ஆவணத்திலோ வர்த்தகச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலோ தேடி எடுத்து, “உங்கள் கொள்வனவுப் பிரிவில் இந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறாரா, இலங்கையில் இன்னாரிடம் பொருள் கேட்டிருக்கிறாரா” என்று கேட்கிறேன். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்கு அண்ணன் கொடுத்த விலையை அவர் என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

டுபாய் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. அங்கே வாங்குபவர் பலர் அங்கே தேநீர் குடிப்பதற்காக வாங்குவதில்லை. கலந்து, பொதியிட்டு அல்லது அப்படியே வேறு நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். விலைப்பட்டியல் டுபாய்க் கம்பனிக்கு, சரக்கு ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு, பணம் துருக்கியில் பெயர் தெரியாத மூன்றாவது கம்பனியிடமிருந்து என்று ஓர் ஒப்பந்தம் வந்தால், தேயிலை உணவுப் பொருள்தானே, அதற்கு என்ன தடை என்று கேட்பார்கள். கேள்வி சரக்கைப் பற்றியதல்ல, பணம் வருகிற பாதையைப் பற்றியது. ஈரான் மீதான அமெரிக்கத் தடைகளால் டொலர் பாதை அடைபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் அரசாங்கமே சாட்சி: எண்ணெய் வாங்கிய வகையில் ஈரானுக்குக் கொடுக்க வேண்டியிருந்த 251 மில்லியன் டொலரை நேராக அனுப்ப வழியின்றி, 2021 டிசம்பரில் அதைத் தேயிலையாகத் தீர்ப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டது. சிறு ஏற்றுமதியாளருக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. பணம் நடுவழியில் ஏதோ ஒரு வங்கியில் நிறுத்தி வைக்கப்பட்டால், அனுப்பியவர் யார், இறுதியாகப் பெறுபவர் யார், இவர்களில் யாராவது தடைப்பட்டியலில் இருக்கிறார்களா என்று அந்த வங்கி கேட்கும் கேள்விகளுக்கு அவர்தான் பதில் எழுத வேண்டும்.

இந்தியாவோடு வியாபாரம் செய்யும்போது வேலை சுவையாக இருக்கிறது. மொழி ஒன்று என்பது ஒரு காரணம். இந்தியர்கள் தங்கள் எண்களுக்குள்ளேயே பல தகவல்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. தலவாக்கலைப் பக்கம் சிறு ஸ்டோர் ஒன்றுக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு, தேயிலையை நிறம் பிரிக்கும் இயந்திரம் வாங்க, கோயம்புத்தூரிலிருந்து ஒரு விலைமனு வந்தது. தலைப்பில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டிருந்தது. விலைமனுவின் மூலையில் பதினைந்து எழுத்துகளில் ஜி.எஸ்.டி. என்ற சரக்கு, சேவை வரிப் பதிவு இலக்கம். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைச் சொல்லும். 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்தும் வரி செலுத்துபவரின் பான் என்ற நிரந்தர வருமான வரி இலக்கம். அந்தப் பத்தில் நான்காவது எழுத்து, அதாவது முழு இலக்கத்தின் ஆறாவது எழுத்து, அவர் யார் என்பதைச் சொல்லும்: கம்பனியானால் ‘சி’, கூட்டாண்மையானால் ‘எஃப்’, தனியாளானால் ‘பி’. இந்த விலைமனுவில் ஆறாவது எழுத்து ‘பி’. பிரைவேட் லிமிடெட் என்று எழுதியவர் உண்மையில் தன் சொந்தப் பெயரில் தொழில் செய்யும் தனியாள்.

தனியாள் என்பது கெட்ட செய்தியல்ல. சொல்லாமல் விட்டதுதான் கெட்ட செய்தி. கூடலூரில் என் மாமா இருக்கிறார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிப் போன குடும்பம். அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வாழ்க்கை. அவர் ஏதோ கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போனபோது, அந்த முகவரியையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். மாமா திரும்பி வந்து எனக்கு எடுத்துச் சொன்னது, நான் எழுதிய எந்த அறிக்கையையும்விட நன்றாக இருந்தது: பட்டறை இருக்கிறது, ஆறு பேர் வேலை செய்கிறார்கள், வாசலில் இரண்டு இயந்திரங்கள் பொதி கட்டித் தயாராக இருக்கின்றன, முதலாளி தானே கிரீஸ் கையோடு வந்து தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார், கம்பனியாகப் பதிய விண்ணப்பித்திருப்பதாகவும் அச்சடித்த தாளை வீணாக்க மனமில்லாமல் பயன்படுத்திவிட்டதாகவும் சொன்னார். இயந்திரத்தை வாங்கினார்கள். இன்றைக்கும் ஓடுகிறது.

பணம் செலுத்தும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை வங்கியில் கேட்டாலே சொல்வார்கள். எல்.சி., அதாவது உரிய ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம், இருந்தால் பயமில்லை என்பது பாதிதான் சரி. பி.டி.எஃப். ஆக மின்னஞ்சலில் வருவது எல்.சி. அல்ல; நம் வங்கிக்கு சுவிஃப்ட் வழியாக வந்து, நம் வங்கி அது மெய்யானது என்று அறிவித்ததுதான் எல்.சி. இறக்குமதி செய்பவருக்கோ, எல்.சி. இருந்தாலும் வங்கிகள் காகிதத்தைத்தான் பார்க்கும், பெட்டிக்குள் இயந்திரம் இருக்கிறதா செங்கல் இருக்கிறதா என்று பார்க்கமாட்டா, எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600இன் 5ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. ஏற்றுமதியாளர் மறந்துவிடுகிற இன்னொன்று, ஏற்றுமதி வருமானத்தை 180 நாட்களுக்குள் நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற மத்திய வங்கியின் விதி. ஏமாந்தவர் பொருளையும் இழந்து, பணம் ஏன் வரவில்லை என்று வங்கிக்கு விளக்கமும் எழுத வேண்டும். நம்மவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம் இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம். கட்டணத்தை நினைத்துப் பின்வாங்குகிறார்கள். வாங்குபவர் பணம் தராவிட்டால் காப்புறுதி கொடுத்தவருக்கு நட்டம். ஆகவே அவர் சொல்லும் “ஆம்” என்பதற்கு, நான் எழுதும் அறிக்கையைவிட எடை அதிகம். என் அறிக்கை தவறினால் எனக்குப் போவது பெயர் மட்டும்தானே.

இதுவரை நாம் வெளிநாட்டைப் பார்க்கிற கதை. வெளிநாடு நம்மைப் பார்க்கிற கதையும் என் மேசைக்கு வருகிறது. உண்மையில் என் வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான். பொருள் தருபவர்களிடம் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் பெரிய கம்பனிகளுக்கும், அடுத்த ஆண்டு ஆயிரம் ஊழியருக்கு மேற்பட்டோர் உள்ள கம்பனிகளுக்கும் வந்த பிறகு, மலையகத்தில் தேயிலை விற்பவர் ஒவ்வொருவருக்கும் நீண்ட கேள்விக்கொத்துகள் வருகின்றன. தோட்டத்தின் உரிமையாளர் யார் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு பெயரைத்தான் எழுத முடியும். இங்கே நிலம் 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசின் கைக்குப் போனது. 1992இல் உருவாக்கப்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனி அதை நீண்டகாலக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. அந்தக் கம்பனியின் பெரும்பான்மைப் பங்கு கொழும்பில் இன்னொரு கம்பனியிடம் இருக்கிறது. திறைசேரிச் செயலாளரிடம், அரசுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் ஒரு தங்கப் பங்கு இருக்கிறது. நான் அந்தக் கட்டத்தில் “இணைப்பைப் பார்க்கவும்” என்று எழுதிவிட்டு, இரண்டு பக்க இணைப்பு அனுப்புவேன். சிலர் படிக்கிறார்கள்.

முகவரி இன்னொரு சிக்கல். தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து தொடங்கிய ஒரு சிறு கம்பனியின் பணிப்பாளர், தன் முகவரியாகத் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதினார். வீட்டு இலக்கம் எங்கே, தெருப் பெயர் எங்கே, மின்கட்டணப் பட்டியல் எங்கே என்று பேர்லினிலிருந்து மூன்று முறை கேட்டார்கள். லயத்தில் தெரு இல்லை. எனக்கு வந்த கடிதங்களும் பல்கலைக்கழகம் போகும் வரை தோட்டத்து ஆபீசுக்குத்தான் வந்தன. அங்கே யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. லண்டனில் ஒரே கதவுக்குள் நூற்றுக்கணக்கான கம்பனிகள் குடியிருக்கும் முகவரி அவர்களுடைய பட்டியலில் “உறுதிசெய்யப்பட்டது” என்று இருக்கும். மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருப்பவரின் முகவரி “உறுதிசெய்ய முடியவில்லை” என்று இருக்கும்.

பெயரில் வருகிற குழப்பம்தான் எல்லாவற்றிலும் பெரியது. மேலை நாட்டு ஆய்வாளர், இரண்டு கம்பனிகளுக்கு இடையே மறைவான உறவு இருக்கிறதா என்று பார்க்கும்போது குடும்பப் பெயரைத்தான் முதலில் தேடுகிறார். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதுகிறோம். ஆகவே அப்பாவின் கட்டத்தில் தாத்தாவின் பெயரும் மகனின் கட்டத்தில் அப்பாவின் பெயரும் இருக்கும். தேயிலையை விற்கும் அப்பாவும் அதை வாங்கிப் பொதியிடும் மகனும் யாரோ எவரோ என்று அறிக்கை சொல்லும். மணமான மகளின் கட்டத்தில் கணவனின் பெயர் வந்துவிட்டால் அவரும் காணாமல் போவார். அதே நேரத்தில், பெருமாள் என்ற அப்பா வாய்த்த இருவர், ஒருவரையொருவர் பார்த்தே இராதபோதும், ஒரே குடும்பம் என்று சிவப்புக் குறி பெறுவார்கள். நான் அனுப்பும் ஒவ்வோர் அறிக்கையிலும் இதை ஒரு பத்தியில் விளக்குகிறேன். கூடவே, ஒரே பெயரை ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழ் ஒரு விதமாகவும் அடையாள அட்டை இன்னொரு விதமாகவும் வங்கிப் புத்தகம் மூன்றாவது விதமாகவும் எழுதியிருப்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதியவர்கள் கிராம சேவகரும் தோட்டத்து உத்தியோகத்தரும் பாடசாலை அதிபரும், பெயருக்குரியவர் அல்ல.

இது வேடிக்கையோடு முடிகிற காரியமுமல்ல. 2014இல் இலங்கை அரசாங்கம் வர்த்தமானியில் 16 அமைப்புகளையும் 400க்கும் மேற்பட்ட தனிநபர்களையும் பயங்கரவாதத்தோடு தொடர்புள்ளவர்கள் என்று தடைப்பட்டியலில் சேர்த்தது. பின்னர் அந்தப் பட்டியலிலிருந்து சிலர் நீக்கப்பட்டார்கள், சிலர் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பெயர்கள் உலகெங்கும் உள்ள தேடல் மென்பொருள்களுக்குப் போய்விட்டன. வழக்கமான தமிழ்ப் பெயரும் வழக்கமான அப்பா பெயரும் உள்ள, கொட்டகலையில் மரக்கறி ஏற்றுமதி செய்யும் ஒருவரைத் தட்டினால், மென்பொருள் “பொருத்தம் 85 வீதம்” என்று சிவப்பில் காட்டும். அதைத் தீர்க்க எனக்கு உதவுவது பழைய அடையாள அட்டை இலக்கம். ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 85634 என்று தொடங்கினால், 1985இல் 134ஆவது நாள் பிறந்த பெண். எல்லா ஆண்டிலும் பெப்ரவரியை 29 நாளாகக் கணக்கிடுவதால் அது மே 13. பட்டியலில் உள்ளவரின் பிறந்த தேதியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலான பொருத்தங்கள் உதிர்ந்துவிடும். உதிராதவற்றை நான் ஒருபோதும் “சரி” என்று எழுதுவதில்லை. இன்ன காரணத்தால் தீர்க்க முடியவில்லை என்றே எழுதி அனுப்புகிறேன். அப்படி எழுதுவதால் ஒரு நேர்மையான மனிதரின் வியாபாரம் கெட்டுப்போகலாம் என்று தெரிந்தும்தான் எழுதுகிறேன். இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பண்டாரவளை ஐயாவுக்கு நான் கொடுத்த அறிக்கை ஒன்றரைப் பக்கம். கண்டது இது, அவர்கள் சொன்னது இது, நான் ஊகிப்பது இது என்று மூன்றாகப் பிரித்து எழுதினேன். மோசடி என்ற சொல் அதில் எங்கும் இல்லை; அதைச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இணையத்தளத்தின் மூன்று தலைமுறைக் கதைக்குப் பதிவேட்டில் ஆதாரம் இல்லை, வங்கிக் கடிதம் வங்கி மூலமாக உறுதியாகவில்லை, ஆகவே டி.ஏ. வேண்டாம், பார்த்தவுடன் பணம் செலுத்தும் எல்.சி. கேளுங்கள், அல்லது முன்பணமாக 40 வீதமும் மீதியை ஆவணத்தைக் கையில் கொடுக்கும்போதும் கேளுங்கள் என்று எழுதினேன். ஐயா கேட்டார். இரண்டு நாளில் பதில் வந்தது: எல்.சி. திறக்க வங்கிக் கட்டணம் அதிகம், இலங்கையிலேயே இன்னொருவர் எங்கள் நிபந்தனைக்குச் சம்மதித்துவிட்டார், நன்றி. ஐயா அழைத்தார். கோபம் இல்லை, ஆனால் குரலில் ஒரு வெறுமை இருந்தது. “ஆர்டர் போயிருச்சே, மகள்.”

எட்டு மாதம் கழித்து, வேறொரு வேலையாக அந்தப் பதிவேட்டைத் திறந்தபோது, அந்தக் கம்பனியின் இலக்கத்தையும் தட்டிப் பார்த்தேன். உரிய ஆவணங்களைத் தாக்கல் செய்யாததால் பதிவிலிருந்து நீக்கப் போவதாகப் பிரித்தானிய வர்த்தமானியில் முதல் அறிவித்தல் வந்திருந்தது. இரண்டு மாதத்துக்குள் யாரும் காரணம் காட்டாவிட்டால் கம்பனி கலைந்துவிடும். அதை ஐயாவுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்தேன். சோம்பலால் தாக்கல் செய்யாத கம்பனிகளும் இப்படித்தான் நீக்கப்படுகின்றன, இது எதையும் நிரூபிக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்.

ஐயா படித்துவிட்டு அழைத்தார். தான் தப்பித்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. “அப்ப அந்த மத்த ஆளு யாரு, மகள்? டி.ஏ.க்குச் சம்மதிச்சாருன்னு சொன்னாங்களே, அந்த ஆளு?” என்று கேட்டார். அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா, அல்லது ஐயாவை அவசரப்படுத்துவதற்காக எழுதப்பட்டவரா என்று பார்க்க என்னிடம் பதிவேடு எதுவும் இருக்கவில்லை. பதுளையிலும் அப்புத்தளையிலும் தனக்குத் தெரிந்த பொதியிடுபவர்களைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஐயா தொலைபேசியை வைத்தார்.